அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் நான் அழித்த வீடு

1983 செப்டம்பர், காலாண்டு விடுமுறையின் முதல் வெள்ளிக்கிழமை. காட்பாடியிலிருந்து வேலூர் போகிற டவுன் பஸ்ஸில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தேன். பாலத்துக்குக் கீழே ஆறு இல்லை. மணல் இருந்தது, மணலில் மாடுகள் இருந்தன, ஓரமாக யாரோ வேட்டி உலர்த்தியிருந்தார்கள். பென்சிலால் ஆற்றுக் காட்சிகள் வரைவதுதான் என் பைத்தியம். அதில் முக்கால்வாசி காலண்டரைப் பார்த்து வரைந்தது என்று சொல்ல எனக்கே வெட்கம். நிஜமாகத் தண்ணீர் இருக்கிற ஆற்றின் கரையில் உட்கார்ந்து ஒரு படமாவது போட்டுவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. என் மனைவியின் தம்பி கோதண்டம் புதுச்சேரியில் மூலக்குளத்தில் இருக்கிறான், மில் வேலை. "எங்க ஊர்ல ஆறும் இருக்குது, கடலும் இருக்குது, வாங்க மாமா" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கூப்பிடுவான். இந்த முறை கிளம்பிவிட்டேன்.

வேலூரிலிருந்து ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். டிக்கெட் பதினைந்து ரூபாய். என் படப் பலகைக்கு ஆசாரியிடம் சொல்லி மூன்று கால் வைத்த ஸ்டாண்ட் ஒன்று செய்து வைத்திருந்தேன். மடக்கினால் ஆள் உயரம். கண்டக்டர் அதைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இது என்னா, போட்டோ ஸ்டாண்டா?"

"படம் வரையற ஸ்டாண்ட்."

"படம் வரைய எதுக்கு சார் மூணு காலு?" என்று சொல்லி லக்கேஜுக்கு ஒரு ரூபாய் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். இந்த மாதிரிச் சிரிப்பு எனக்குப் பழக்கம்தான். நான் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். எங்கள் பள்ளியில் டிராயிங் பீரியட் என்றால் கணக்கு வாத்தியார் வந்து பாக்கிக் கணக்கை முடிக்கிற பீரியட். ஸ்டாஃப் ரூமில் எனக்கென்று நாற்காலி கிடையாது. அன்றைக்கு யார் லீவோ அவர் நாற்காலி என்னுடையது. பின்னால் நான் செய்த காரியத்துக்குச் சாக்காக இதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் புத்தி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

பிற்பகலில் புதுச்சேரி. கோதண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிப் போனான். மூலக்குளத்தில் வில்லியனூர் ரோட்டை ஒட்டிப் புதிதாக வீடுகள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. அதில் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறான். இரவு இட்லியும் வடகறியும் சாப்பிட்டுக்கொண்டே மறுநாள் எங்கே போகலாம் என்று கேட்டேன்.

"அரியாங்குப்பம் ஆத்துக்குப் போங்க மாமா. வீராம்பட்டினம் பக்கம் போயிட்டா கடல்ல கலக்கற எடம், சூப்பரா இருக்கும். எனக்குக் காலையில ஷிப்டு. சைக்கிள் வாடகைக்குச் சொல்லி வெக்கறேன்."

சனிக்கிழமை காலை தலையில் தொப்பி, தோளில் பை, கேரியரில் ஸ்டாண்ட் என்று நான் சைக்கிள் ஏறியபோது வாசலில் நின்று பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "ரோடு போடற இன்ஜினியரு மாதிரியே இருக்கீங்க மாமா!" எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. அதுதான் முதல் கோணல்.

சைக்கிளுக்கு நாள் வாடகை மூன்று ரூபாய். நெல்லித்தோப்பு, முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம் தாண்டிப் பாலம் வருகிறது. பாலத்தின் மேலே இறங்கி நின்றுவிட்டேன். அடேயப்பா, தண்ணீர்! இரண்டு கரையும் முட்ட, பச்சையும் மண்ணுமாக ஒரு நிறத்தில், நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் நம்ப மாட்டீர்கள். பாலாற்றுக்காரனுக்குத்தான் அது புரியும்.

அரியாங்குப்பத்தில் இடது கைப் பக்கம் திரும்பி, வீராம்பட்டினத்துக்கு முன்னாலேயே ஒரு மண்பாதையில் ஆற்றோரம் இறங்கினேன். பத்துப் பதினைந்து வீடுகள். வீடுகளை ஒட்டித் தென்னைகள். கரையில் கவிழ்த்துப்போட்ட தோணிகள், காயப்போட்ட வலைகள். ஒரு பூவரச மரத்தடியில் ஸ்டாண்டை விரித்துப் பலகையை மாட்டினேன்.

வரையாதவர்களுக்காக ஒரு விஷயம். பென்சிலில் தண்ணீரை வரைய முடியாது. கரையை வரையலாம், மரத்தை வரையலாம், நிழலை வரையலாம். தண்ணீர் இருக்கிற இடத்தைச் சும்மா விட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கரை சரியான உயரத்தில் விழாவிட்டால் ஆறு சாய்ந்துபோய்விடும். அதற்காகப் பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை நகர்த்தி நகர்த்தி அளவெடுப்போம். மரம் ஒரு விரல், கரை அரை விரல், வீடு கால் விரல் என்று. நானும் அப்படி ஒற்றைக் கண்ணோடு அங்கும் இங்குமாக அளந்துகொண்டிருந்தேன்.

பின்னால் செருமல் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் குடை, எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர்.

"முசே, கதாஸ்தர்லேர்ந்து வரீங்களா?"

புதுச்சேரியில் வயதானவர்கள் இன்னும் பிரெஞ்சுக்காரன் காலத்து வார்த்தைகளை விடவில்லை. முசே என்றால் ஐயா. கதாஸ்தர் என்றால் நிலம் அளக்கிற கணக்கு. அந்த ஆபீசுக்கும் அதே பேர்தான். கோதண்டம் எனக்கு முந்தின இரவே இதெல்லாம் சொல்லியிருந்தான். ஆகையால் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

"இல்லைங்க, நான் டிராயிங் வாத்தியார்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, என் முன்னால் கொஞ்சம் குனிந்து நின்றார். என் வாழ்க்கையில் எனக்கு முன்னால் ஒருத்தரும் குனிந்ததில்லை.

"சும்மா ஒரு தரம் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன்.

பொய் இல்லைதான். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். ஒரு நாற்காலி வந்தது. பிறகு இளநீர் வந்தது. பிறகு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதிலிருந்து சங்கதி எனக்கு விளங்கிவிட்டது. ஆற்றோரமாகப் புது ரோடு ஒன்று வரப்போகிறது, கரையில் இருக்கிற வீடுகள் போகும் என்று கொஞ்ச நாளாகப் பேச்சு. யார் சொன்னது, எந்த ஆபீஸ், ஒன்றும் தெரியாது. பேச்சு மட்டும் இருக்கிறது. அந்த நேரம் பார்த்துத் தொப்பியும் மூன்று கால் ஸ்டாண்டுமாக நான் வந்து ஒற்றைக் கண்ணால் அளக்கிறேன்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் இளநீரைக் குடித்தேன்.

பனியன் போட்ட ஒருத்தர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "சார், அது என் தோப்பு. தென்ன மரம் எட்டு இருக்குது, நீங்க அஞ்சுதான் போட்டிருக்கீங்க" என்றார். படம் அழகாக இருக்க வேண்டுமென்று மூன்றை நான்தான் விட்டிருந்தேன். "நஷ்ட ஈடு மரத்துக்குத்தானே சார் குடுப்பாங்க" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். மூன்று தென்னையையும் வரைந்து கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துக் கும்பிட்டார். வெட்கம் கெட்டவன், எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. படத்தில் ஒரு கோடு போட்டால் ஒரு மனிதன் கும்பிடுகிறான் என்பது எவ்வளவு போதையான விஷயம் தெரியுமா? நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

வெயில் ஏறியபோது அஞ்சலாட்சி வந்தாள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு பஸ் இறங்கி நடந்து வருகிறாள். முப்பத்தைந்து வயதிருக்கும். விஷயத்தை யாரோ பாதி வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும்; கூடையைக்கூட இறக்காமல் நேராக என் பலகைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், இதுல எங்க ஊடு எது?"

கரையின் நடுவில், தண்ணீரை ஒட்டி, கீற்று வீடு ஒன்று. அதன் பக்கத்தில் பாதியில் நிற்கிற செங்கல் சுவர். படத்துக்கு அதுதான் மையம். சுவரின் நிழல் தண்ணீரில் விழுந்து நன்றாக வந்திருந்தது. காட்டினேன்.

"செவுரு கழுத்து மட்டும் வந்து நிக்குது பாருங்க. மாசிலயே ஆரமிச்சது. ரோடு வருதுன்னு சொன்னதும் எங்க ஊட்டுக்காரரு கரண்டிய கீழ போட்டுட்டாரு. இடிக்கப் போற ஊட்ட எதுக்குக் கட்டணும்னு கேக்கறாரு. அவரு அண்ணன் வீராம்பட்டினத்துல கோயிலாண்ட ஒரு மனை தரேன்னு சொல்லிக்கினு இருக்காரு, அங்க போயிடலாம்றாரு. எனக்கு இந்த எடத்த உட்டுப் போவ மனசு இல்ல சார். எங்கம்மா குடுத்த எடம். ஐப்பசி பொறந்தா மழ புடிச்சுக்கும். போவுமா, இருக்குமா, அத மட்டும் சொல்லுங்க. நான் கூரையப் போட்டுடறேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பயந்துபோய் உண்மையைச் சொல்லியிருப்பேன். நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நியாயமான பதிலுக்காக நின்றாள். சுற்றிலும் இருந்தவர்கள் என் வாயைப் பார்த்தார்கள்.

நான் செய்ததைச் சொல்கிறேன். பையிலிருந்து ரப்பரை எடுத்தேன். "உங்க வீட்டை எடுத்துடறேம்மா" என்று சொல்லி, படத்திலிருந்து அவள் வீட்டை அழித்தேன். சுவர், கீற்று, தண்ணீரில் விழுந்த நிழல், எல்லாவற்றையும். தூளை ஊதித் தள்ளினேன். அந்த இடம் வெள்ளையாயிற்று.

இடிக்கிற லிஸ்டில் இருந்து எடுத்துவிட்டேன் என்று நான் வாயால் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா? அவள் காகிதத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கூடையை அப்படியே போட்டுவிட்டு "யோவ், இங்க வாய்யா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அவளைச் சந்தோஷப்படுத்திவிட்டேன் என்று நெஞ்சில் கைவைத்து நினைத்தேன். என்ன தெனாவட்டு பாருங்கள்.

மதியம் அவள் வீட்டிலேயே சாப்பாடு. வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னேன், இரண்டாம் தரம் சொல்லவில்லை. மடவை மீன் குழம்பு, வறுத்த இறால். கீற்று வீட்டுக்குள் குனிந்துதான் போக வேண்டும்; உள்ளே ஓர் ஓரத்தில் பனஞ்சட்டங்கள் கூரைக்காகத் தயாராக அடுக்கியிருந்தன. அஞ்சலாட்சி பரிமாறிக்கொண்டே சட்டங்களைக் காட்டிப் பேசினாள். வாசல் கிழக்கே, ஜன்னல் ஆற்றுப் பக்கம், மாசியில் கொத்தனாரைக் கூப்பிட்டு அஸ்திவாரம் போட்டது. அந்தக் குழம்பு அவ்வளவு ருசி.

கை கழுவும்போதுதான் கேட்டேன், "உங்க வீட்டுக்காரர் சாப்பிடலையா?"

"அவரு அண்ணன் ஊட்டுக்குப் போயிருக்காரு சார். மனைக்கு இன்னிக்குப் பதில் சொல்லணும், இல்லன்னா அண்ணியோட தம்பிக்குக் குடுத்துடுவாங்க. எங்களுக்கு வாணாம், நாங்க இங்கியே இருக்கறோம்னு சொல்லிட்டு வரச் சொன்னேன். அதான் நீங்க எடுத்துட்டீங்களே."

செம்பு கையிலேயே நின்றுவிட்டது. "எப்ப போனார்?" என்றேன். "நீங்க சாப்பிட உக்காந்தப்பவே." இதோ வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அப்போதுகூட அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, அவள் புருஷனைப் பிடித்துவிட்டால் சொல்லாமலே சரிபண்ணிவிடலாம் என்று ஒரு கள்ளக் கணக்கு.

வீராம்பட்டினம் கோயில் வரைக்கும் மிதித்தேன். ஆடித் தேரோட்டத்துக்கு ஜனம் தாங்காத ஊர், அன்றைக்கு மத்தியான வெயிலில் அமைதியாக இருந்தது. அஞ்சலாட்சியின் புருஷன் ஏழுமலையின் அண்ணன் வீடு என்று கேட்டால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. உள்ளே பாய் விரித்து நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெற்றிலைத் தட்டு. ஏழுமலை என்னைப் பார்த்ததும் எழுந்து, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வாங்க சார். நீங்களே வந்துட்டீங்களா? அண்ணே, இவருதான்."

"மனையை வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?" என்றேன். மூச்சு வாங்கியது.

"சொல்லிட்டாரு சார்" என்றார் அண்ணன். "மச்சானுக்கு இப்பதான் வெத்தல பாக்கு மாத்தினோம்."

வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் பத்திரம்கூட அவர்களுக்குப் பெரிதில்லை. மச்சான் என்கிற அந்த இளைஞர், அண்ணியின் தம்பி, தன் மடியில் இருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டார்.

நின்றபடியே சொன்னேன். நான் கவர்மென்ட் ஆள் இல்லை, கதாஸ்தர் இல்லை, ரோட்டைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, நான் காட்பாடியில் டிராயிங் வாத்தியார், பொழுதுபோக்குக்குப் படம் வரைய வந்தேன். அண்ணன்தான், "அப்போ அழிச்சது?" என்று கேட்டார்.

"அது சும்மா படம்."

ஏழுமலை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அண்ணனிடம், "பேசனது பேசனதுதான்ண்ணே, வெத்தலைய மாத்திட்டு இன்னோரு பேச்சு பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். என் சைக்கிள் பக்கத்தில் அவரும் நடந்தார். நான் ஏறிப் போக முடியாதே, தள்ளிக்கொண்டே நடந்தேன். ஒரு பள்ளம் வந்தபோது, "பாத்து வாங்க சார்" என்றார்.

ஆற்றங்கரையில் அஞ்சலாட்சி பனஞ்சட்டங்களை வெளியே எடுத்து வெயிலில் போட்டுக்கொண்டிருந்தாள். பெரியவர் அதே பூவரச மரத்தடியில், என் படப் பலகைக்குக் காவல் மாதிரி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தென்னந்தோப்புக்காரரும் இருந்தார். இந்த முறை ஏழுமலையைச் சொல்ல விடாமல் நானே சொன்னேன். மனை போனதையும் சேர்த்துச் சொன்னேன். தென்னந்தோப்புக்காரர் "த்தூ" என்று துப்பிவிட்டு நகர்ந்தார். அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

அஞ்சலாட்சி கையிலிருந்த சட்டத்தைக் கீழே வைக்கவில்லை. முகம் மட்டும் கறுத்துப்போயிற்று. பிறகு புருஷனைப் பார்த்து, "மழைக்கு முன்ன கூரையப் போட்டுதான் ஆவணும். இனிமே போக்கிடம் ஏது" என்றாள். சட்டத்தை மற்றதோடு சேர்த்துப் போட்டாள்.

நான் ஸ்டாண்டை மடக்கினேன். ஒரு கால் மடங்கவே இல்லை. அவள்தான் வந்து பிடித்துக் கொடுத்தாள். குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்:

"உங்க மேலயும் தப்பு இல்ல சார். நீங்க யாருன்னு எங்கள்ல ஒருத்தராச்சும் கேட்டாங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க இல்ல?"

கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் நின்றார். அவர் காதில் விழுந்தது. குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். என்னையே பார்த்தார்.

"சொல்லியிருப்பேம்மா" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். நம்பிவிட்டாள்.

அன்று இரவு கோதண்டம், "படம் எப்படி வந்துச்சு மாமா?" என்று கேட்டான். ஆறு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ். அவனோடு இன்னும் இரண்டு நாள் இருந்து கடற்கரை, துறைமுகம் எல்லாம் பார்ப்பதாக இருந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். திண்டிவனம் தாண்டும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன், யார் கண்ணையும் பார்க்கக் கூசியது. மத்தியானம் பாலாற்றுப் பாலம் வந்தது. நீங்கள் யாராவது போனால், அரியாங்குப்பம் ஆறு நிச்சயம் பார்க்க வேண்டிய இடம். தண்ணீர் அவ்வளவு அழகு. எங்கள் ஆற்றில் மணலைத் தவிர ஒன்றும் இல்லை, ஆனால் அதன் கரையில் நான் யார் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் யாருக்கும் என்னால் கெடுதல் இல்லை.

கேட்டார்கள், அஞ்சலாட்சி. நான் வந்து உட்கார்ந்ததும், உங்கள் ஊர்ப் பெரியவர் என் முகத்துக்கு நேராகக் கேட்டார். இதை உங்களிடம் சொல்லத் துணிவில்லாமல், உங்கள் ஆற்றையே பார்க்காதவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.